கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – சூன் 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல், படிகங்களின் காந்தப் பண்புகள், உலோகங்களின் மின்தடை, சூடான பொருள்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுதல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்தவர். 1928-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சர் சி. வி. இராமனுடன் சேர்ந்து அச்சோதனைகளைச் செய்தவர் இவரே. அவ்விளைவை முதன்முதலில் உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. எனினும் விளைவு இராமன் பெயரால் மட்டுமே அழைக்கப்படுகின்றது. 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசும் இராமனுக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. இதனால் கிருஷ்ணனைப் பற்றிப் பேசுவோர் பலர் ஒன்று அவரை வெறும் உதவியாளராகக் காட்டுவர். அல்லது அவருக்குரிய பரிசு பறிக்கப்பட்டது என்பர். நிகழ்ந்தவற்றை நாள்வாரியாகப் பார்த்தால் இவ்விரண்டுமே பொருந்தவில்லை.

பிறப்பும் கல்வியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் கிருஷ்ணன் பிறந்தார். இவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வேளாண்மை செய்து வந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். அப்புலமையின் பயன் மகனுக்கும் கிட்டியது. பிற்காலத்தில் இயற்பியலாளர்களிடையே இலக்கியம் அறிந்தவர் என்றும் கிருஷ்ணன் பெயர் பெற்றிருந்தார்.

உள்ளூரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்ற கிருஷ்ணன், பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெற்றபின் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகச் சில காலம் பணியாற்றினார். அப்பொழுது மதிய இடைவேளைகளில் மாணவர்களைக் கூட்டி அறிவியல் ஐயங்களைத் தீர்த்து வைப்பது இவரது வழக்கம். பிற கல்லூரி மாணவர்களும் இக்கூட்டங்களுக்கு வந்தனர்.

கொல்கத்தாவில்

அக்காலத்தில் இயற்பியல் ஆய்வில் ஈடுபட விரும்பிய தென்னிந்திய இளைஞர்கள் பலர் கொல்கத்தாவையே நாடினர். பௌபசார் தெருவில், 1876-இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமன் ஆய்வு நடத்தி வந்ததே இதற்குக் காரணம். கிருஷ்ணனும் அங்குச் சென்றார். பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பயின்றபின் 1923-ஆம் ஆண்டு இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

இராமன் 1921-ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று கப்பலில் திரும்பியபோது, கடலின் நீல நிறம் வானத்தின் நிறத்தை எதிரொளிப்பதால் மட்டும் தோன்றுவதன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதாலும் தோன்றுகிறது என்று காட்டியிருந்தார். அதிலிருந்து நீர்மங்களில் ஒளிச்சிதறல் இக்குழுவின் முதன்மை ஆய்வுப் பொருளாயிற்று. கிருஷ்ணன் பல நீர்மங்களைத் தூய்மை செய்து அவற்றில் ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்று அளந்தார்.

இவ்வாய்வுகளில் ஓர் இடையூறு இருந்து வந்தது. 1923-இல் கே. ஆர். இராமநாதன் நீர்மங்களை ஆய்ந்தபோது, சிதறிய ஒளியில் படுகதிரின் நிறத்தோடு வேறு நிறமும் மிக மங்கலாகக் கலந்திருப்பதைக் கண்டார். நீர்மத்தில் உள்ள மாசினால் ஏற்படும் உடனொளிர்வே இது என முதலில் கருதப்பட்டது. நீர்மத்தை எத்தனை முறை வடித்துத் தூய்மை செய்தபோதும் அது மறையவில்லை. கிருஷ்ணனும் அடுத்த சில ஆண்டுகளில் வேறு நீர்மங்களில் இதையே கண்டார். 1927-ஆம் ஆண்டின் இறுதியில் எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் பச்சை நிற ஒளியைக் கண்டார். அவ்வொளி பெரிதும் தளவிளைவுற்றிருந்தது.

இச்செய்தியின் முதன்மையை விளக்குவது தேவை. ஒளியலையின் அதிர்வுகள் ஒரு தளத்தில் மட்டும் அமைவதைத் தளவிளைவு என்கிறோம். உடனொளிர்வில் மூலக்கூறு ஒளியை விழுங்கிச் சற்று நேரம் கழித்து வெளியிடும். அதற்குள் மூலக்கூறு திரும்பிவிடுவதால், பாய்மத்தில் அவ்வொளி பொதுவாகத் தளவிளைவு அற்றதாகவே இருக்கும். சிதறலில் அப்படியன்று. எனவே நிறம் மாறிய ஒளி தளவிளைவும் உற்றிருந்தால், அது மாசின் உடனொளிர்வு என்று ஒதுக்க இயலாத புதிய வகைச் சிதறலாக இருக்கக்கூடும்.

1928 பெப்ரவரி

வெங்கடேசுவரன் வேறு பணியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தவர். சோதனைக்கோ கதிரவன் ஒளி தேவை; அதாவது பகல் நேரம் முழுதும் தேவை. எனவே இராமன் இப்பணியைக் கிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். கிருஷ்ணன் அப்போது கோட்பாட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்தார். அவற்றை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வருமாறு இராமன் கேட்டுக்கொண்டார். அம்மாதம் 5-ஆம் நாள் தொடங்கிக் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருப்பது நமது நற்பேறு எனலாம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நிகழ்ந்தபோதே எழுதப்பட்ட இத்தகைய பதிவு அரிதாகவே கிடைக்கின்றது.

சோதனை அமைப்பு எளியது. கதிரவன் ஒளியைத் தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவித்து, நீலம், ஊதா நிறங்களை மட்டும் விடும் வடிகட்டி வழியாக நீர்மத்தில் செலுத்தினர். சிதறி வரும் ஒளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு முன்பு, நீலத்தையும் ஊதாவையும் முற்றிலும் தடுத்து மஞ்சளையும் பச்சையையும் மட்டும் விடும் இன்னொரு வடிகட்டியை வைத்தனர். சிதறலில் நிறம் மாறாதெனில் பார்ப்பவர் கண்ணுக்கு இருளே தெரிய வேண்டும். தெரிந்ததோ மங்கலான ஒளித்தடம்.

பெப்ரவரி 7 அன்று கிருஷ்ணன் பல தூய நீர்மங்களை ஆராய்ந்து, எல்லாவற்றிலுமே இவ்வொளி காணப்படுவதையும், அது வலுவாகத் தளவிளைவு பெற்றிருப்பதையும் கண்டார். இராமன் முதலில் இதை நம்பவில்லை. பின்னர்த் தாமே வந்து ஒவ்வொரு நீர்மமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இத்தனை ஆண்டுகள் எல்லோரும் இதைத் தவறவிட்டதை எண்ணி வியந்த அவர், அன்றிரவே கிருஷ்ணனின் வீட்டுக்குச் சென்று இதைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

அடுத்துக் கிருஷ்ணன் ஆவிகளில் இதே விளைவைத் தேடினார். ஆவியில் மூலக்கூறுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருப்பதால் ஒளி இன்னும் மங்கலாக இருக்கும். ஈதர் ஆவியிலும், பின்னர்ப் பென்டேன் ஆவியிலும் அதைக் கண்டார். மங்கிய ஒளியை நாள்தோறும் உற்று நோக்கியதில் அவரது இடக் கண்ணில் தொல்லை ஏற்பட்டது. சில நாட்களுக்கு நோக்கும் பணியை இராமனே ஏற்றுக்கொண்டார். இதற்கிடையில் பெப்ரவரி 16-ஆம் நாளிட்டு, ஏறத்தாழ 60 நீர்மங்களில் புதிய சிதறல் காணப்படுவதைத் தெரிவிக்கும் சிறு கட்டுரை இலண்டனில் வெளிவரும் நேச்சர் இதழுக்கு அனுப்பப்பட்டது. அதில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவரின் பெயர்களும் இருந்தன. அது மார்ச் 31 அன்று அச்சாயிற்று.

இதுவரை கண்டது நிறம் மாறிய ஒளி உண்டு என்பது மட்டுமே. எந்த அளவுக்கு மாறுகிறது என்பது தெரியவில்லை. 27-ஆம் நாள் வீட்டில் சடங்கு ஒன்று இருந்ததால் கிருஷ்ணன் கழகத்துக்குச் செல்லவில்லை. மறுநாள், பெப்ரவரி 28 பிற்பகலில் சென்றார். படுகதிரின் அலைநீளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, வழக்கமான வடிகட்டியோடு யுரேனியம் கலந்த கண்ணாடியையும் சேர்த்தனர். இதனால் உட்செல்லும் ஒளியின் அலைநீள வீச்சு முன்னைவிடக் குறுகியது. சிதறிய ஒளியை நேர்நோக்கு நிறமாலைகாட்டியில் பார்த்தபோது, படுகதிருக்குரிய பட்டைக்கும் நிறம் மாறிய பட்டைக்கும் நடுவே இருண்ட இடைவெளி தெரிந்தது. உடனொளிர்வாயின் ஒளி பரவலாகப் படர்ந்திருக்கும். இங்கோ இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றன. மறுநாள் செய்தித்தாள்களுக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. இந்த பெப்ரவரி 28-ஆம் நாளே 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

பின்னர்க் கதிரவன் ஒளிக்கு மாற்றாகப் பாதரச ஆவி விளக்கைப் பயன்படுத்தியபோது, பட்டைகளின் இடத்தில் கூரிய கோடுகளே தோன்றின. மார்ச் 8-ஆம் நாளிட்டு நேச்சர் இதழுக்கு இதுபற்றி எழுதிய இரண்டாம் கட்டுரை இராமன் பெயரில் மட்டும் அமைந்தது. மே மாதம் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் மீண்டும் இருவர் பெயரும் உள்ளன. அதே பெப்ரவரி மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்சுபெர்க்கு, மாண்டெல்சுதாம் ஆகிய இருவர் குவார்ட்சுப் படிகத்தில் இதே விளைவைக் கண்டனர். ஆயினும் அவர்கள் அதை வெளியிடச் சில மாதங்கள் ஆயின.

கோடுகளின் பொருள்

ஒளியை ஆற்றல் துகள்களின் ஓட்டமாகக் கொண்டால் இவ்விளைவை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒளித்துகள் மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டால், சிதறிய ஒளியின் அலைநீளம் கூடுகிறது. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து ஆற்றலைப் பெற்றால் குறைகிறது. கொடுக்கப்படும் ஆற்றல், மூலக்கூறு ஏற்கக்கூடிய குறிப்பிட்ட அளவாகவே இருக்கும். ஆகவே எந்த நிற ஒளியைச் செலுத்தினாலும் அலை எண்ணில் ஏற்படும் வேறுபாடு அந்தந்த மூலக்கூறுக்கு மாறாத அடையாளமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீலக் கோட்டின் அலை எண், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 22,938. பென்சீனின் வலுவான வேறுபாடு 992. கழித்தால் 21,946, அதாவது 456 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோடு இன்னும் நீலத்திலேயே இருக்கிறது. மூலக்கூறுகளில் மிக இலேசான ஐதரசனை எடுத்துக்கொண்டால் வேறுபாடு ஏறத்தாழ 4,155. கழித்தால் 18,783; அலைநீளம் சுமார் 532 நானோமீட்டர். உள்ளே சென்றது நீல ஒளி, வெளியே வருவது பச்சை. இரண்டு இலேசான அணுக்கள் வலுவான பிணைப்பால் இணைந்திருப்பதால் ஐதரசன் மூலக்கூறு மிக விரைவாக அதிர்கிறது என்பதை இந்த நிறமாற்றமே காட்டிவிடுகின்றது. 1929-ஆம் ஆண்டிலேயே கனடாவில் மெக்லென்னனும் மெக்லியோடும் நீர்ம ஐதரசனில் இராமன் கோடுகளைப் பதிவு செய்து, அங்கு இருவகை ஐதரசன் மூலக்கூறுகள் கலந்திருப்பதை உறுதி செய்தனர். குவாண்டம் கோட்பாடு முன்னறிவித்திருந்த செய்தி அது.

பெயரும் பரிசும்

இராமன் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இவ்வாய்வை வழிநடத்தினார். நிறம் மாறிய மங்கல் ஒளியை மாசு என்று தள்ளிவிடாமல் மீண்டும் மீண்டும் அதற்கு ஆட்களை அனுப்பியவர் அவரே. எக்ஸ் கதிர்களில் காம்ப்டன் கண்ட விளைவுக்கு ஒளியில் இணை இருக்க வேண்டும் என்று எண்ணியவரும் அவரே. கிருஷ்ணனின் நாட்குறிப்பும் இதை மறுக்கவில்லை. மாறாக, விளைவு தூய நீர்மங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, தளவிளைவு உற்றது, ஆவியிலும் உள்ளது என்ற மூன்று முடிவுகளும் பெரும்பாலும் கிருஷ்ணனின் கண்ணாலும் கையாலும் கிடைத்தவை. இம்மூன்றும் இல்லாமல் 28-ஆம் நாள் நோக்கலுக்கு இத்தனை பொருள் இருந்திராது. இராமன் தமது நோபல் உரையில் இராமநாதன், கிருஷ்ணன், வெங்கடேசுவரன் ஆகியோரின் பணியைக் குறிப்பிட்டுள்ளார். முதல் கட்டுரையில் உள்ள இரு பெயர்களை வைத்துப் பார்த்தால், விளைவுக்கும் இரு பெயர்களைச் சூட்டியிருப்பது முறையாகவே இருந்திருக்கும் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். பின்னாட்களில் இருவருக்குமிடையே நெருக்கம் குறைந்தது. எனினும் கிருஷ்ணன் இதுபற்றிப் பொதுவில் உரிமை கோரி வாதிட்டவரல்லர். அவர் வேறு துறைக்குச் சென்றுவிட்டார்.

டாக்காவும் காந்தவியலும்

1928-ஆம் ஆண்டின் இறுதியில், நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போசு. டாக்காவில் தொடங்கிய படிகக் காந்தவியல் ஆய்வே கிருஷ்ணனின் தனிப் படைப்பு எனத்தக்கது.

பல படிகங்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகக் காந்தப்படுவதில்லை. இத்திசை வேறுபாட்டை மிகச் சிறிய படிகத்தைக் கொண்டே அளக்கக் கிருஷ்ணன் அழகான முறை ஒன்றை வகுத்தார். படிகத்தை நுண்ணிய குவார்ட்சு இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டால், அது தனக்கு உகந்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெல்லத் திருக்கினால் படிகமும் சிறிது திரும்பும். ஆனால் புலம் அதைப் பின்னிழுக்கும். படிகம் 45 பாகை திரும்பும்வரை இந்தப் பின்னிழுப்புக் கூடிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால் குறையத் தொடங்கும். ஆகவே அந்நிலையில் படிகம் திடீரெனச் சுழன்று புரண்டுவிடும். அது புரளும் தருணத்தில் மேல்முனை எவ்வளவு திருக்கப்பட்டிருந்தது என்று படித்தாலே திசை வேறுபாடு கிடைத்துவிடும். விலை மிக்க கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. இவ்வளவு குறைந்த பொருளைக் கொண்டு இவ்வளவு துல்லியமான விடை பெற்ற சோதனைகள் இந்திய அறிவியலில் மிகச் சிலவே.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றின் தட்டையான மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை இம்முறையால் கணிக்க முடிந்தது. எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆய்ந்து வந்த இங்கிலாந்தின் கத்லீன் லான்சுடேல் இம்முடிவுகளில் ஆர்வம் கொண்டார். இருவரும் சேர்ந்து 1936-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பி. சி. குகா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் கிருஷ்ணன் எழுதிய முதற் பெருங்கட்டுரை 1933-இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

அதே 1933-இல் இராமன் பெங்களூருக்குச் சென்றார். கிருஷ்ணன் கொல்கத்தாவுக்குத் திரும்பி, அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவியை ஏற்றார். கிராபைட்டின் காந்தப் பண்பை என். கங்குலியுடன் ஆய்ந்தது இக்காலத்தில்தான். 1937-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சிலும் இலண்டனிலும் உரையாற்றினார். 1940-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

அலகாபாத்தும் தில்லியும்

1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கு ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து, உருகிய உலோகத்தில் மின்தடை எவ்வாறு தோன்றுகிறது என்ற வினாவை எடுத்துக்கொண்டார். நீர்மத்தில் மூலக்கூறுகள் ஒழுங்கற்றுக் கிடப்பதால் ஒளியும் எக்ஸ் கதிரும் சிதறுவதுபோல, உருகிய உலோகத்தில் அயனிகள் ஒழுங்கற்றுக் கிடப்பதால் எலக்ட்ரான் அலைகள் சிதறுகின்றன என்பது இவர்களது விடை. கொல்கத்தாவில் கற்ற சிதறல் பாடம் இங்கு வேறு உருவில் பயன்பட்டதைக் காணலாம். 1945-இல் வெளிவந்த இக்கருத்து அப்பொழுது அதிகம் கவனிக்கப்படவில்லை. 1961-இல் பிரித்தானிய இயற்பியலாளர் சைமன் இதே வழியில் முழுமையான கோட்பாட்டை அமைத்தபின்னரே இதன் அருமை தெரிந்தது.

1946-இல் பிரித்தானிய அரசு இவருக்குச் சர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு, தில்லியில் அமையவிருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். ஆய்வகக் கட்டடத்துக்கு 1947 சனவரியில் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 சனவரியில் சர்தார் படேல் திறந்து வைத்தார். நாட்டின் அளவைத் தரங்களைக் காப்பது இவ்வாய்வகத்தின் தலையாய பணி. சேரும் வீசையும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்டில் இது சிறிய பணியன்று. 1956-இல் அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957-இல் இந்தியா மீட்டர் உடன்படிக்கையில் இணைந்தது. பன்னாட்டுக் கிலோகிராமின் 57-ஆம் படி இவ்வாய்வகத்துக்கே வந்தது. (தேர்தலில் விரலில் இடப்படும் அழியா மையும் இவ்வாய்வகத்தில் உருவானதே.)

நிருவாகப் பொறுப்புகளுக்கிடையிலும் கிருஷ்ணன் ஆய்வை விடவில்லை. எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் சூடேற்றிய கிராபைட்டிலிருந்தும் உலோகங்களிலிருந்தும் எலக்ட்ரான்கள் வெளியேறுவதை அளந்தார். மின்னோட்டத்தால் சூடேறும் மெல்லிய கம்பியில் வெப்பநிலை எவ்வாறு பரவியிருக்கும் என்பதையும் கணக்கிட்டார். 1948-இல் அமைந்த அணு ஆற்றல் ஆணையத்தில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் இவரும் இருந்தார். 1949-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1954-இல் பத்ம பூசண் விருது பெற்றார். சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு முதன்முதலில் அளிக்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் இவரே.

அறிவியலைத் தமிழில் எழுத முடியும், எழுத வேண்டும் என்ற கருத்தைக் கொண்டிருந்த கிருஷ்ணன் தாமே தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் துறையைத் தம் மொழியில் எழுதுவது அன்று அரிதாக இருந்தது.

மறைவுக்குப் பின்

கிருஷ்ணன் 1961-ஆம் ஆண்டு சூன் மாதம் தமது 62-ஆம் அகவையில் காலமானார். அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1960 மே மாதம், அமெரிக்காவில் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியிருந்தார். பாதரச விளக்கைக் கொண்டு பல மணி நேரம், சில பொருள்களுக்குப் பல நாட்கள், ஒளிப்படத் தகட்டைத் திறந்து வைத்துப் பெற வேண்டியிருந்த இராமன் நிறமாலையை லேசர் மிக எளிதாக்கிவிட்டது. 1962-இல் லேசரைக் கொண்டு முதல் இராமன் நிறமாலைகள் எடுக்கப்பட்டன. 1963-இல் ஐதரசன் வளிமத்தில் லேசரைச் செலுத்தி, சிதறிய ஒளியே வலுவான கற்றையாக எழும் தூண்டிய இராமன் சிதறலைக் கண்டனர். அதே லேசர் தனி ஐதரசன் அணுவின் நிறமாலையையும் மாற்றியமைத்தது: செருமனியில் ஹென்சு குழுவினர் அவ்வணுவின் ஒரு தாவலுக்குரிய அதிர்வெண்ணை 2011-இல் ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்துடன் வெளியிட்டனர். இன்று மருந்துச் சாலைகளிலும் வைரச் சோதனையிலும், ஏன் செவ்வாயில் ஊர்ந்து செல்லும் ஆய்வூர்தியிலும்கூட இராமன் நிறமாலைமானிகள் உள்ளன.

தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள புதுதில்லிச் சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று பெயர்.